பொனான்சா கிரீக் வடசரிவு மரம்: இளம் வெள்ளை ஸ்ப்ரூஸா?

இல்லை, உங்கள் புகைப்படத்தில் இருக்கும் மரம் பெரும்பாலும் முதிர்ந்த கருப்பு ஸ்ப்ரூஸ் (ஸ்ப்ரூஸ் ஓர் ஊசியிலை மர வகை). மணிக்கட்டுப் பருமன்தான் இருக்கிறது என்பதற்காக அதை 'இளமரம்' என்று அட்டவணையில் போட்டுவிட்டீர்கள். மற்ற குழப்பமெல்லாம் அதிலிருந்து வந்தது.

பொனான்சா கிரீக், அலாஸ்காவில் ஃபேர்பேங்ஸ் பக்கத்து ஆய்வுக்காடு. வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவு. தடித்த பாசி மெத்தைக்கு அடியில் மண்ணின் கீழடுக்கு ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேலாக உருகும் அடுக்கில்தான் வேர் பிழைத்தாக வேண்டும். நூறு வயது மரம்கூட அங்கே ஒல்லியாகத்தான் நிற்கும். வெள்ளை ஸ்ப்ரூஸுக்குப் பிடித்த இடம் தென்சரிவும் ஆற்றுப்படுகையும்.

புகைப்படத்தில் உச்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2, 3 செ.மீ. நீளத்தில் முட்டை வடிவக் கூம்புகள், பழையவை சாம்பல் பூத்து, கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கருப்புதான். காட்டுத்தீக்குப் பிறகு சிந்துவதற்காகக் கூம்பில் விதையைச் சேர்த்து வைக்கும் மரம் அது. வெள்ளையின் கூம்பு நீளமானது; விதை சிந்தியதும் விழுந்துவிடும்.

இளங்கிளையில் ரோமம் இருந்தாலே கருப்பு என்று முடிவு கட்டாதீர்கள். அலாஸ்காவில் ரோமமுள்ள வெள்ளை ஸ்ப்ரூஸும் உண்டு. வயதை மட்டும் தண்டின் ஆண்டு வளையம் எண்ணாமல் எழுத வேண்டாம்.