மகனை உள்ளே விடாத பட்டறை

கேள்வி: அப்பாவுக்குப் பிறகு படகுப் பட்டறையை நான் நடத்துகிறேன். ஃபைபர் படகு கட்டுகிறோம், பழுதும் பார்க்கிறோம். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று போகிறார்கள், திரும்பி வருவதில்லை. பட்டறை என்றால் அப்படி இப்படித்தான் கிடக்கும், பையன்களிடம் சொன்னாலும் கேட்பதில்லை. என் மகனைக்கூட உள்ளே விடமாட்டேன், எதையாவது மிதித்துவிடுவான். விலையைக் குறைத்தால் ஆள் வருவார்களா?

பதில்: தம்பி, விலையை அப்புறம் பேசலாம். மகனைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்கள், என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. பெற்ற பிள்ளை பத்தடி நடப்பதற்கே உங்கள் பட்டறையை நீங்கள் நம்பவில்லை. அங்கே செய்த படகில் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கப்போகிறவர் மட்டும் எதை வைத்து நம்புவார்?

மெஷின் ஓடும் இடத்தில் சின்னப் பிள்ளைக்கு வேலையில்லை, அது சரி. ஆனால் நீங்கள் மெஷினைச் சொல்லவில்லை, மிதித்துவிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபத்து தரையில் கிடக்கிறது, அது உங்களுக்கே தெரியும். அதே தரையில்தான் "பையன்கள்" என்று நீங்கள் சொல்கிறவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நடக்கிறார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? கூலியைக் கொடுத்ததும் முதலாளியின் கடமை முடிந்தது என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன். உங்கள் கூரைக்குக் கீழே நிற்கிற வரைக்கும் அவர்களுக்கு நீங்கள்தான் வீட்டுப் பெரியவர். சொன்னால் கேட்பதில்லையாம். நீங்கள் துடைப்பத்தைக் கையில் எடுத்து அவர்கள் எப்போது பார்த்தார்கள்?

வந்தவர் ஏன் திரும்பிப் போனார் என்று யோசியுங்கள். ஃபைபர் படகின் பலம் உள்ளே இருக்கிற அடுக்குகளில் இருக்கிறது, மேலே ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு பளபளவென்று மூடியிருக்கிறது. அடுக்குகளுக்குப் போடுகிற கண்ணாடி இழை விரிப்பான மேட் ஈரமாக இருந்ததா, ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ புகுந்ததா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. படகுகளைச் சோதிக்கிற சர்வேயரே சின்னச் சுத்தியலால் வெளியே தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்கிறார். இழைகளை ஒட்டுகிற ரெசின் என்ற பிசினில், அது இறுகுவதற்காக நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்க்கிற ஹார்டனர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேலை கெடும், அதை அளக்கிற குவளை பிசின் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தால் பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்பதற்கு அவரிடம் இருக்கிற ஒரே சாட்சி, கண்ணுக்குத் தெரிகிற உங்கள் தரைதான். பழுதுக்கு வந்த படகிலிருந்து கழற்றிய போல்ட் எல்லாம் ஒரே டப்பாவில் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் தன்னுடையது தனக்கே திரும்பி வருமா என்ற சந்தேகம் வராமலா இருக்கும்?

தீயைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஹார்டனர் கலந்து மீந்த ரெசினைப் பெரிய டப்பாவில் அப்படியே விட்டால் தானாகச் சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கலாம். கருவிகளைத் துடைக்கிற அசிட்டோன் உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். ஹார்டனரும், ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கிற கோபால்ட்டும் நேராகக் கலந்தால் வெடிக்கும், இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். அசிட்டோன் துணிகளுக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி வேண்டும். இரும்பை கிரைண்ட் செய்வதைப் படகுகளை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பறக்கிற பொடி ஜெல்கோட்டில் உட்கார்ந்து துருக்கறையாகிவிடும். ஒவ்வொரு படகுக்கும் பெயர் எழுதிய தனி டப்பா. தினமும் வேலை முடிகிறதுக்கு அரைமணி முன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யுங்கள், அந்த அரைமணிக்கும் கூலி உண்டு. முதல் ஒரு மாதம் நீங்களே கூட்டுங்கள். வாடிக்கையாளர் வருகிறார் என்று தெரிந்ததும் தார்ப்பாயைப் போட்டு மூடுகிற வேலை மட்டும் வேண்டாம், அதை விலக்கிப் பார்க்காத ஆள் கிடையாது.

விலையைக் குறைக்காதீர்கள். குறைத்த காசை எங்கே ஈடுகட்டுவீர்கள்? ரெசினிலோ பையன்களின் கூலியிலோதான் கை வைப்பீர்கள், இரண்டுக்கும் உங்களுக்கு உரிமை இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்களில் ஒருவரையாவது இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, அதே விலையைச் சொல்லி, வேலை நடந்துகொண்டிருக்கிற நேரத்திலேயே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.