ஒருமுறை ஜெயித்தவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரின் பழைய ஏர்போர்ட் ரோட்டைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதில், போகிறபோக்கில் சி. முனியப்பாவைப் பற்றி நாலு வரி வந்தது. கேஜிஏ (கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்) மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கும் ஆளாக இருந்தவர், 2009-இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை ஜெயித்தார் என்று. நான் முருகேஷ்பாளையாக்காரி. தாத்தா எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்காகத் திருப்பத்தூரிலிருந்து வந்தவர். முப்பது வருஷமாக அந்த மைதானத்தைத் தாண்டித்தான் போய் வருகிறேன், ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. எங்கள் தெருவில் மாசி பிறந்ததும் தண்ணீர் லாரிக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவோம். அங்கே புல் பச்சையாகவே இருக்கிறது. அந்தக் கடுப்பு எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் கேட்க வந்தது வேறு. ‘கேடியாக இருந்தவர் சாம்பியன் ஆனார்’ என்பது பணக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே பாடிக்கொள்ளும் தாலாட்டு இல்லையா? எத்தனையோ பேர் பை தூக்குகிறார்கள், ஒருவர் ஜெயிக்கிறார். அவரும் ஆசிய நாடுகளில் நடக்கும் ஏஷியன் டூர் போட்டித் தொடரில் ஒரே ஒரு முறைதான். தேடிப் பார்த்தேன், அதுவும் சமனை முறிக்க ஆடும் ப்ளே-ஆஃபில். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. இதில் நீங்கள் எழுதும் அளவுக்கு என்ன இருக்கிறது?

ரா., பெங்களூரு

*

அன்புள்ள ரா.,

தண்ணீர் விஷயத்தில் உங்களோடு மல்லுக்கட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. சுத்திகரித்த கழிவுநீரில்தான் புல் வளர்க்கிறோம் என்று கோல்ஃப்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அதனால் உங்கள் தெருவுக்கு லாரி சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை. அந்தக் கடுப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

தொழில்முறை கோல்ஃப் போட்டி எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். இந்தியன் ஓப்பன் மாதிரிப் பெரிய போட்டி என்றால் ஏறக்குறைய நூற்றைம்பது பேர் ஆரம்பிப்பார்கள். இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்குக் ‘கட்’ என்று பெயர். பாதிக்கு மேற்பட்டவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பரிசுப் பணத்தில் ஒரு பைசா கிடையாது. ரயில், விமானம், லாட்ஜ் வாடகை, நுழைவுக் கட்டணம், கேடிக்குக் கூலி எல்லாம் கைக்காசு. கிரிக்கெட்டில் முதல் பந்தில் டக் அவுட் ஆனவருக்கும் மேட்ச் ஃபீஸ் வந்துவிடும். இங்கே இரண்டு நாள் வெயிலில் நடந்துவிட்டு, கணக்கில் பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ துண்டு விழுந்து ஊர் திரும்புவது சாதாரண வாரம். நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண வாரம்தான். வருஷத்தில் இருபது போட்டி ஆடி ஒன்றில் ஜெயித்தாலே அது பெரிய வருஷம். தோற்பதுதான் இந்தத் தொழிலின் அன்றாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட் தாண்டியவர்கள் மொத்தம் நான்கு நாள், 72 குழி. ஜெயிக்கிறவர் பந்தை மொத்தம் சுமார் 275 தடவை அடித்து முடிப்பார். குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. 2009 அக்டோபரில் குர்கானின் டிஎல்எஃப் மைதானத்தில் முனியப்பாவும் கொரியாவின் லீ சங்கும் 72 குழி முடித்துச் சமமாக நின்றார்கள். ப்ளே-ஆஃபின் முதல் குழியிலேயே முனியப்பா பேர்டி போட்டார் (அந்தக் குழிக்கு வகுத்த ‘பார்’ கணக்கைவிட ஒரு அடி குறைவு), கோப்பை அவருக்கு. நீங்கள் அதிர்ஷ்டம் என்பது இந்த ஒரு குழியை. சரி, இதில் அதிர்ஷ்டம் உண்டு என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பந்து ஒரு வேரில் பட்டு நடுவிலும் வந்து விழும், புதரிலும் போய் ஒளியும். ஆனால் அதிர்ஷ்டம் வந்து உட்காருவதற்கு ஒரு திண்ணை வேண்டும் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூற்றைம்பது பேரில் இரண்டே பேர் வீட்டில்தான் திண்ணை இருந்தது. மற்றவர்களைத் தேடி அது வந்திருந்தாலும் நின்றுவிட்டுப் போயிருக்கும்.

திண்ணை கட்டிவைத்தும் காத்துக் கிடந்தவர் கதை வேண்டுமானால் எஸ்எஸ்பி சௌராசியாவைப் பாருங்கள். கல்கத்தாக்காரர். ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். 2008-இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை ஜெயித்தார். அது யூரோப்பியன் டூர் போட்டி, அவருக்கு அந்த டூரில் முதல் வெற்றி. ஆனால் இந்தியன் ஓப்பன் மட்டும் கைக்கு வரவே இல்லை. 1999, 2006, 2013, 2015 என்று நான்கு முறை இரண்டாம் இடம். அந்த 2015 இருக்கிறதே, அதுதான் கொடுமை. கடைசி நாள் காலையில் அனிர்பன் லாஹிரியைவிட ஏழு அடி முன்னால் இருந்தார். ஏழு! சாயங்காலம் லாஹிரி எட்டிப் பிடித்து, ப்ளே-ஆஃபில் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். சௌராசியா மறு வருஷம் அதே டெல்லிக்கு வந்து ஜெயித்தார், 2017-இல் குர்கானில் திரும்பவும் ஜெயித்தார். முதல் முறை இரண்டாம் இடம் வந்ததற்கும் ஜெயித்ததற்கும் நடுவே பதினேழு வருஷம். இடையில் என்றாவது ‘எனக்கு ராசி இல்லை’ என்று அவர் மனசு சொல்லாமல் இருந்திருக்குமா?

இன்னொருவர், மஹூவைச் சேர்ந்த முகேஷ் குமார். உள்நாட்டில் நூற்றுக்கு மேல் பட்டங்கள். ஏஷியன் டூரில் முதல் வெற்றி வந்தது 2016 டிசம்பரில், டெல்லியில், பானசோனிக் ஓப்பனில். அப்போது அவருக்கு வயது 51. அந்த டூரில் முதல்முறை ஜெயித்தவர்களிலேயே மூத்தவர் என்று பெயர் வாங்கினார். பத்திரிகையில் ‘முதல் வெற்றி’ என்று போட்டதும் நாம் இருபது வயசுப் பையனைக் கற்பனை செய்துகொள்கிறோம். பேரன் பேத்தி எடுக்கிற வயசிலும் வருகிறது அது.

சரி, வந்தால் என்ன கிடைக்கிறது? முனியப்பாவுக்குக் கிடைத்தது 1,98,125 டாலர். அன்றைய மதிப்பில் 90 லட்ச ரூபாயைத் தாண்டும். வரி, செலவு, கேடி பங்கு போகத்தான் கைக்கு வரும், இருந்தாலும் பெரிய பணம். ஆனால் ஆட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் காசைவிடக் ‘கார்டை’ப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஏஷியன் டூரில் ஒன்று ஜெயித்தால் இரண்டு வருஷத்துக்கு இடம் உறுதி. வருஷா வருஷம் க்யூ-ஸ்கூல் என்ற தகுதிச் சுற்றில் போய் நின்று, ‘அடுத்த வருஷம் எனக்கு வேலை உண்டா’ என்று பயந்துகொண்டே ஆட வேண்டாம். கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவருக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்த மாதிரி, ஆனால் இரண்டே வருஷத்துக்கு. உங்கள் தாத்தாவுக்கு எச்ஏஎல்லில் வேலை நிரந்தரமான அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நான் சொல்ல வருவது புரிந்துவிடும். நீங்கள் ‘ஒரே ஒரு முறை’ என்கிறீர்கள். அவர்கள் தொழிலில் அந்த ஒன்று வராமலே ரிட்டையர் ஆகிறவர்கள்தான் மிகப் பெரும்பாலோர்.

தாலாட்டு என்றீர்கள். நல்ல வார்த்தை. பாதி ஒத்துக்கொள்கிறேன். கிளப் விருந்தில் ‘பாருங்கள், நம் கேடிப் பையன்’ என்று ஒருவர் கையில் கிளாஸோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பையனுக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தக் கதையில் தப்பு எங்கே இருக்கிறது என்றால், கேடியாக இருந்தும் ஜெயித்தார் என்று சொல்கிறார்கள் பாருங்கள், அங்கே இருக்கிறது. கேடியாக இருந்ததால் ஜெயித்தார் என்று யாரும் சொல்வதில்லை.

நாலைந்து வருஷம் முன்னால் இங்கே ஒரு போட்டி நடந்தபோது ஒரு நண்பர் என்னைக் கூட்டிப்போனார். எனக்கு அப்போது பார் என்றால் என்ன, பேர்டி என்றால் என்ன என்பதுகூட அரைகுறைதான். பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் க்ரீன் என்ற ஒட்ட வெட்டிய புல்தரைக்கு வெளியே, கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு கேடி பையைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். நான் தமிழில் போன் பேசியதைக் கேட்டுவிட்டு, ‘எந்த ஊர் சார்?’ என்று ஆரம்பித்தார். அவருக்குப் பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், பிறந்தது மைதானத்தை ஒட்டிய தொம்மலூர். ஆட்டம் புரியவில்லை என்று நான் சொன்னதும் புல்லைக் காட்டினார்.

“இங்கிருந்து பாருங்க, வெள்ளையா மின்னுதா?”

மின்னியது.

“புல்லு அந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். பந்து சர்ருனு ஓடிடும். இப்ப அந்தாண்ட போய்ப் பாருங்க.”

கயிற்றைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். அதே புல் கருத்துக் கிடந்தது. வேறு ஏதோ துணியை மாற்றி விரித்த மாதிரி.

“அது எதிர்ப்புல்லு. அங்கிருந்து அடிச்சா பந்து பாதியிலேயே உக்காந்துக்கும். குழியோட விளிம்பையும் பாக்கணும் சார். ஒரு பக்கம் நறுக்குனு இருக்கும், ஒரு பக்கம் பிஞ்சு காஞ்சிருக்கும். காஞ்ச பக்கமாத்தான் புல்லு வளருது. சாயங்காலம் ஆச்சுன்னா இன்னும் ஜாஸ்தி.”

நம் ஊர் க்ரீன்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்வதும், பந்தைப் பிடித்து இழுப்பதும் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரே மைதானத்தின் பதினெட்டு க்ரீன்களையும் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், முதலாளி தப்பாக அடித்து அது எங்கே போய் நிற்கிறது என்பதையும் சேர்த்து, பத்து வருஷம் பார்த்தவர்கள் யார்? மெம்பரா? அவர் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போகிறவர். ‘ரைட்ல ஒரு கப்பு சார்’ (குழியின் அகலம் அளவுக்கு வலது பக்கம்) என்று கேடி சொல்ல, அங்கே அடிக்கிறவர். நாகஸ்வர வித்வானின் பையன் தாளம் போட்டே பாட்டு கற்றுக்கொள்கிற மாதிரியான படிப்பு இது. காசு கொடுத்து வாங்க முடியாத படிப்பு, ஆனால் கூலிக்குச் செய்கிற வேலை. அதனால் யாரும் இதைப் படிப்பு என்று சொல்வதில்லை.

அவர்களிடம் இல்லாதது வேறு: மட்டை, ஷூ, ஆடுவதற்கு நேரம். கிளப் மூடியிருக்கும் நாளில் ஆடிக்கொள்ள விட்டால் உண்டு. உங்கள் ‘எத்தனையோ பேர்’ அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அதைத் தாலாட்டுப் பாடுகிறவர்கள் சொல்வதே இல்லை, நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான்.

1964-இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் முயற்சியில் ஆரம்பித்தது இந்தியன் ஓப்பன். முதல் கோப்பையும் அவருக்கே. மறு வருஷம் நம்மூர் பி.ஜி. சேத்தி ஜெயித்தார், அவர் அமெச்சூர், பணத்துக்காக ஆடாதவர். அப்புறம் ஓர் இந்தியர் ஜெயிப்பதற்கு 1991 வரை ஆனது. ஜெயித்தவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். இருபத்தாறு வருஷம் கழித்துக் கதவைத் திறந்தது பை தூக்கிய கை.

எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள் என்றும் இல்லை. கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் உங்கள் கேஜிஏவில் பழகியவர்தான். குடும்பத்தோடு ஓட்டலில் காலை டிஃபன் சாப்பிடப் போன இடத்தில், எதிரே கோல்ஃப் அடித்துப் பழகும் ரேஞ்சைப் பார்த்து, ஐந்து வயசில் ‘அங்கே என்ன?’ என்று கேட்டதில் ஆரம்பித்தது அவர் கதை. 2016-இல் 18 வயசில் பெண்கள் இந்தியன் ஓப்பனை ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐரோப்பியப் பெண்கள் டூரில் அவருக்கு முதல் பட்டம், அந்த டூரில் ஓர் இந்தியப் பெண்ணுக்கும் முதல் பட்டம். மைதானம் எது தெரியுமா? முனியப்பா ஜெயித்த அதே டிஎல்எஃப். அந்த முறையும் ஒரே ஒரு அடி. அதை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் உள்ளே கால் வைத்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். (தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் பழைய தமிழ்க் கல்வெட்டையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பதினைந்து வருஷம் குடியிருந்த பிறகுதான் நானே பார்த்தேன்.) அடுத்த முறை இங்கே போட்டி வரும்போது சொல்லி அனுப்புகிறேன், வாருங்கள். கடைசி நாள் வேண்டாம். அன்று கோப்பை, மாலை, போட்டோ, ஸ்பான்சரின் பேச்சு எல்லாம் இருக்கும், அதை டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு வாருங்கள். ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம். கட் எங்கே விழும் என்று அப்போதும் தெரிந்திருக்காது. ஒரு அடி மேலேயோ கீழேயோ இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். கையில் டீ இருக்கும், குடிக்க மாட்டார்கள். கடைசிக் குழு வந்து எண்ணை எழுதியதும் இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் போய்ப் பையை ஆட்டோவில் ஏற்றுவார்கள். பை நீளம், குறுக்கே வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எனக்குக் கோல்ஃப் பிடிக்க ஆரம்பித்தது அந்த ஆட்டோவைப் பார்த்தபோதுதான்.