ஒரே கொரியா, ரெண்டு பாதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வட கொரியா பட்டினி கிடக்குது, தென் கொரியா பணக்கார நாடா இருக்கு. ஒரே ஜனம், ஒரே மொழி, நடுவுல ஒரு கோடு அவ்ளோதான். கம்யூனிசத்தை விட முதலாளித்துவம்தான் பெஸ்ட்னு சொல்ல இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அவ்ளோ ஈசியா தீர்ப்பு சொல்லிட முடியாதுங்க. 1945ல 38வது இணைகோட்டுல நாட்டைப் பிரிச்சப்ப ஜப்பான் கட்டுன பெரிய ஆலைங்க, நீர் மின் நிலையம் எல்லாம் பெரும்பாலும் வடக்குலதான் இருந்துச்சு, 1948 மே மாசம் வடக்கு கரண்ட்டை கட் பண்ணதும் தெற்கு திண்டாடிப் போச்சு. 1950ல ஆரம்பிச்ச கொரியப் போர்ல ரெண்டு பக்கமும் தரைமட்டமாச்சு, அதுக்கப்புறமும் 1960கள்ல வடக்குதான் முன்னாடி போயிட்டு இருந்துச்சு.

தெற்கு எப்படி மேல வந்துச்சுன்னு பாருங்க. 1950ல நிலச் சீர்திருத்தம், மூணு ஹெக்டேர் அளவுக்குத்தான் ஒருத்தர் வச்சுக்கலாம், மிச்சம் உழுதவனுக்கு. 1961ல ஆட்சியைப் பிடிச்ச ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ பேங்க் எல்லாத்தையும் அரசு கையில எடுத்தார், அடுத்த வருஷமே ஐந்தாண்டுத் திட்டம், எந்த கம்பெனி எவ்ளோ எக்ஸ்போர்ட் பண்ணணும்னு டார்கெட் வச்சது அரசு, டார்கெட்டை முடிச்சவனுக்கு சல்லிசான வட்டியில கடன். போஸ்கோ இரும்பாலையும் அரசு ஆரம்பிச்சதுதான். மார்க்கெட்டை அதும்போக்குல விட்டு வளர்ந்த நாடு இல்ல அது.

அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தது தொழிலாளிங்க. சியோல்ல தையல் வேலை பார்த்த ஜியோன் டே இல், 22 வயசுப் பையன், ஏட்டுல இருக்கற தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கன்னு கேட்டு 1970 நவம்பர் 13ல தனக்கே தீ வச்சுக்கிட்டான். கூட வேலை பார்த்த சின்னப் பொண்ணுங்க காத்து வராத ரூம்ல ராவும் பகலும் தைச்சதை அவனால தாங்க முடியல. தென் கொரியா பத்தி பேசறவங்க இவனை விட்டுட்டுப் பேசக்கூடாதுங்கறது என் கருத்து.

கேள்வி: அப்போ வடக்கு எங்கதான் சறுக்குச்சு?
- அதே வாசகர்

பதில்: தப்புன்னு சொல்ல அங்க யாருக்கும் வாய் இல்ல, நான் அதைத்தான் முதல் காரணமா பார்க்கறேன். தெற்குலயும் சர்வாதிகாரம்தான், 1980ல குவாங்ஜூல சொந்த ஜனங்களையே ராணுவம் சுட்டுச்சு, ஆனா 1987 ஜூன்ல ஊரே தெருவுக்கு வந்து ஜனாதிபதியை நாங்களே நேரடியா தேர்ந்தெடுப்போம்னு வாங்குனாங்க, அந்தக் கோடையிலயே ஃபேக்டரிங்கள்ல ஸ்டிரைக் பரவி யூனியன் வந்துச்சு, சம்பளம் ஏறுச்சு. வடக்குல பதவி அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு, அப்புறம் பேரனுக்கு. இதை கம்யூனிசம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

1991ல சோவியத் உடைஞ்சதும் சல்லிசா வந்துட்டிருந்த எண்ணெய் நின்னுச்சு, உரம் இல்ல, பம்ப் ஓட கரண்ட் இல்ல, 1995ல வெள்ளம் வேற. அந்தப் பஞ்சத்துல சில லட்சம் பேராவது செத்தாங்க. ரேஷன் நின்னு போனப்ப ஜனங்களைக் காப்பாத்துனது ஜாங்மாடாங்னு அவங்க சொல்ற சந்தைங்க, அதுல உட்கார்ந்து வித்தது பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க. 2009ல அரசு திடீர்னு நோட்டை மாத்தி, இவ்ளோதான் மாத்திக்கலாம்னு லிமிட்டும் வச்சு, அந்தப் பொம்பளைங்க சேர்த்து வச்ச காசையும் செல்லாக்காசாக்கிடுச்சு.