கீறுனது யாருன்னு அப்பாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறாங்க

மேடம் வணக்கம்,

மன்னார்குடி பக்கம் பாமணி ஆத்தோரக் கிராமம். வயசு 38, சிமெண்டு கம்பி யாவாரம். தை மாசம் 22 லட்சத்துக்கு கார் எடுத்தேன், கருப்பு, எங்க தெருவுல இப்படி ஒரு வண்டி யாருகிட்டயும் கெடயாது. போன மாசம் ஒருநாள் காலைல பாத்தா டிரைவர் பக்கம் முன் ஃபெண்டர்லேந்து பின் கதவு வரைக்கும் ஒரே இழுவையா கீறி வச்சிருக்கு. மேல் பூச்சுல மட்டும் பட்டிருந்தா பாலிஷ் போட்டா போயிடும், இது நகத்த வச்சா நகம் மாட்டுது, பிரைமர் வெளிய தெரியுது, சில எடத்துல தகரமே தெரியுது. ஆணியோ சாவியோ, அழுத்தி இழுத்திருக்காங்க மேடம், தெரியாம பட்டது இல்ல.

ஷோரூம்ல கேட்டா டச்சப்லாம் ஆவாது, ரெண்டு கதவும் ஃபெண்டரும் முழுசா திரும்ப அடிக்கணுங்கறாங்க. இன்சூரன்ஸ்ல கிளெய்ம் போட்டா மொத வருஷத்துக்கு வரவேண்டிய 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதான் பிரீமியத்துல கெடைக்கற தள்ளுபடி, போயிடும். காச விடுங்க, சம்பாதிச்சுக்கலாம், ஆனா கம்பெனி பெயிண்ட் கம்பெனி பெயிண்ட்தான, இவ்வளவு ஆசப்பட்டு எடுத்த வண்டி, 22 லட்சம் மேடம்.

பங்காளி வீட்டுப் பையன் மேலதான் எனக்கு சந்தேகம். டவுன் பேமெண்ட்டுக்காக மிச்சமிருந்த மூணு மா நிலத்த அவங்களுக்குத்தான் வித்தோம், வெலையில அப்பவே வாய்த்தகராறு. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன்னாங்க, அப்புறம் போட்டுட்டாங்க. இத்தனைக்கும் அப்பா வாசல்லயேதான் இருக்காங்க, நிலத்த வித்ததுலேந்து ராத்திரி மூணு மணிக்கே எந்திரிச்சு திண்ணையில உக்காந்துக்கறாங்க, ஆத்துல தண்ணி வந்தும் வயப்பக்கம் போவல, சாப்பாடும் ரெண்டு வாய்தான், அப்படி இருக்கறப்ப அவங்க கண்ணுல படாம எவன் காருகிட்ட வந்திருக்க முடியும்? கேட்டா "எனக்கென்ன தெரியும், நான் இருந்தா என்ன இல்லாட்டி என்ன"ங்கறாங்க. பங்காளிக்கு சப்போர்ட் பண்றாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

கேமரா மாட்டிட்டேன். அப்பவும் ராத்திரி தூக்கம் வராம எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாக்கறேன். வீட்டுல அவ, மனுஷங்கள விட வண்டி பெருசாங்கறா. ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுக்கலாமா? மனசு ஆறவே இல்ல மேடம், 22 லட்சம்.

பேர் வேண்டாம், மன்னார்குடி


தம்பி,

கார் விஷயத்த மொதல்ல முடிச்சிடறேன். தகரம் தெரியற எடத்த அப்படியே விட்டா மழைக்காலத்துல துரு உள்ள பரவும், அதனால சரி பண்ணிடுங்க. பெயிண்ட் செலவு போனஸ விட ஜாஸ்தின்னா கிளெய்ம் போடுங்க. யாரும் பாக்கல, அப்ப கேமராவும் இல்ல, வெறும் சந்தேகத்துல ஒரு பையன் பேர ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்காதீங்க. காருக்கு இது போதும்.

உங்க அப்பாவ இந்த லெட்டர்ல சாட்சியா நிறுத்தியிருக்கீங்க. மூணு மணிக்கே முழிச்சு உக்காந்திருக்காரு, அதனால அவரு பாத்திருக்கணும்னு எழுதுறீங்க. அவரு ஏன் மூணு மணிக்கு முழிச்சிருக்காருன்னு உங்களுக்குக் கேக்கத் தோணல பாருங்க, அங்கதான் தம்பி எனக்குக் கவல. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வர்றது, சாப்பாடு கொறையறது, ஆயுசு பூரா செஞ்ச வேலை பக்கமே போகாம இருக்கறது, நான் இருந்தா என்னன்னு பேசறது, இதெல்லாம் சேந்து ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தாலே மனச்சோர்வான்னு டாக்டர்கிட்ட காட்டிப் பாத்துடணும். உங்க அப்பாவுக்கு மாசக்கணக்கா இருக்கு. வயசானவங்க பெரும்பாலும் "மனசு சரியில்ல"ன்னு வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க, தூக்கத்துலயும் சாப்பாட்டுலயும்தான் தெரியும். இத நீங்க பங்காளிக்கு சப்போர்ட்டுன்னு படிச்சிருக்கீங்க, அது தப்பு.

ஜூன் 12 மேட்டூர் தொறந்தா தண்ணி கல்லணைக்கு எப்ப வரும், நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்னு நாள் எண்ணி, குறுவைக்கு நாத்து விடற வேலையில இறங்கற தலைமுறை அது. மூணு மான்னா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், மிச்சமிருந்தது அவ்வளவுதான்னு நீங்களே எழுதுறீங்க. இப்ப அதுல பங்காளி நடவு நடறத அவரு எப்படி போய் பாப்பாரு? காரோட வெலைய திரும்பத் திரும்ப சொல்றீங்க, நிலம் என்ன வெலைக்குப் போச்சுன்னு கூட சொல்லல. "கையெழுத்துப் போட மாட்டேன்னாங்க, அப்புறம் போட்டுட்டாங்க"ன்னு ஒரே வரியில தாண்டிட்டீங்க, அந்த நடுவுல என்ன நடந்துச்சு தம்பி? சத்தம் போட்டீங்களா, பேசாம இருந்தீங்களா, இல்ல மகன் ஆசப்படறானேன்னு அவரே எறங்கி வந்தாரா? அத நினைச்சுப் பாக்கறது கஷ்டமா இருக்கறதாலதான் கீறுனவன தேடிட்டு இருக்கீங்கன்னு நான் நினைக்கறேன். நல்ல வண்டி வாங்கணும்னு ஆசப்பட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரி டார்ச்சோட வண்டிய சுத்திப் பாத்துட்டு உள்ள வர்றப்ப திண்ணையில உக்காந்திருக்கறவர தாண்டித்தான வர்றீங்க, ஒருநாளாவது பக்கத்துல உக்காந்தீங்களா? உங்க வீட்டுக்காரம்மா சொல்றதுல நான் அவங்க பக்கம்தான்.

கீறுனது யாருன்னு அவர்ட்ட இனிமே கேக்காதீங்க. அவரே கீறியிருப்பாரோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்தாலும் கேக்காதீங்க, அப்படியே இருந்தாலும் இப்ப நீங்க செய்ய வேண்டியது மாறப்போறதில்ல. நிலத்தப் பத்திப் பேசுங்க. வித்தது உங்களுக்கு எப்படி இருக்குப்பான்னு கேட்டுட்டு, அவரு திட்டுனாலும் குறுக்க பேசாம கேளுங்க. செத்துடலாம்னு எப்பவாவது தோணுதாப்பான்னு நேரடியாவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணத்த நாமளே உண்டாக்கிடுவோம்னு பயப்பட வேண்டியதில்ல, கேக்கறது அவங்களுக்கு ஆறுதலாத்தான் இருக்கும். வீட்டுலயோ மோட்டார் கொட்டாயிலயோ மிச்ச பூச்சி மருந்து கெடந்தா இன்னைக்கே அப்புறப்படுத்திடுங்க, இத மட்டும் நாளைக்குன்னு தள்ளாதீங்க.

இந்த வாரமே திருவாரூர் இல்லன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, தைராய்டு, சுகர் எல்லாம் சேத்துப் பாத்துடுவாங்க, தைராய்டு கொறைஞ்சாலும் இப்படி சோந்து போவாங்க. மாட்டேன்னு அடம்புடிச்சா தூக்கத்துக்கு மருந்து கேக்கப் போறோம்னு சொல்லலாம், அதுவும் உண்மைதான். அதுக்கு முன்னாடி உங்களுக்கு பேசணும்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடயாது. சம்பாவுக்கு ஒரு மா குத்தகைக்கு எடுத்துக் குடுக்கறதெல்லாம் அப்புறம் அவர்ட்டயே கேட்டுப் பண்ணுங்க, நீங்களா முடிவு பண்ணி கையில குடுக்க வேண்டாம். டாக்டர் என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.