வளர்ப்புப் பிள்ளைகளைக் காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா?

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி 9 வயது அக்காவையும் 7 வயது தம்பியையும் ஒரு வருடமாக வளர்ப்புப் பராமரிப்பில் (தத்து அல்ல, தற்காலிகமாக) வளர்த்து வருகிறோம். வாடகை பாக்கி இல்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் 5 மாதம் இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர், "ஹோம் பிள்ளைகளை வச்சிருக்கிறதா சொல்லவே இல்லையே, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க. இல்லாட்டி தண்ணியை நிறுத்திட்டுப் பூட்டுப் போட்டுடுவேன்" என்கிறார். பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் அதிகாரிகளிடம் இதுவரை சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லுங்கள். கையோடு ஒரு கடிதமும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 44-ஆவது பிரிவில், வளர்ப்புக் குடும்பங்களை மாதந்தோறும் ஆய்வு செய்யச் சொல்கிறது. எப்படியும் அவர்களுக்குத் தெரியத்தான் போகிறது. குடும்பம் வாடகை வீடு மாறுவது ஒரு குற்றமல்ல. ஆய்வுக்கு வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் நிலை வந்தால்தான் உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை குலையும். பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்களுடைய நலனைப் பார்த்துக் குழுதான் முடிவு செய்யும். வீட்டுக்காரருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, 21-ஆவது பிரிவில் சொன்ன காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவோடுதான் காலி செய்ய வைக்க முடியும். இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் வீட்டை வேறொருவர் கையில் ஒப்படைப்பது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது போன்றவை அந்தக் காரணங்கள். வளர்ப்புப் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. உங்களோடு உண்டு உறங்கும் பிள்ளைகளைக் காட்டி உள்வாடகை என்று வாதாடுவதும் எடுபடாது.

ஆனால் அதே பிரிவில் உங்களுக்குப் பாதகமான இரண்டு விஷயங்களும் உண்டு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதே காலி செய்ய ஒரு காரணம். உங்களிடம் ஒப்பந்தம் இருக்கிறது, நல்லது. அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் சிக்கல் வரும். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். இன்னொன்று, வாடகைதாரரே காலி செய்வதாக எழுதிக் கொடுத்து, அதை நம்பி உரிமையாளர் வீட்டை விற்க ஒப்பந்தம் போடுவது போன்ற நடவடிக்கையில் இறங்கிவிடுவது. "அட்வான்ஸைத் திருப்பித் தர்றேன், இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் இந்தத் தேதிக்குள் காலி செய்ய சம்மதம் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்தே வழக்கைத் தன் பக்கம் திருப்ப அவர் பார்ப்பார். வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாடகையை ஒரு நாள்கூடத் தவறவிட வேண்டாம். கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், 20-ஆவது பிரிவின்படி வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இவர் துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர், இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட முடியும். மோட்டார் சுவிட்சைப் பூட்டியிருந்தால் அதைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மிரட்டலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். பூட்டுப் போடுவேன் என்றதற்குக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாடகைத் தகராறு சிவில்தான், வீடு புகுந்து மிரட்டுவது சிவில் அல்ல. சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் திரும்பாதீர்கள். பூட்டே போட்டுவிட்டாலும், சட்டப்படியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் 6-ஆவது பிரிவு இருக்கிறது.

வக்கீல் செலவுக்கு மலைக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மனுவை உங்கள் பெயரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கோபத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ போட்டு, "இந்தக் குழந்தைகளைத் துரத்துகிறார்கள்" என்று ஃபேஸ்புக்கில் எழுதிவிடாதீர்கள். பராமரிப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. குழுவின் உத்தரவை வீட்டுக்காரரிடம் காட்டவும் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து, ஏன் வந்தார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பெரியவர்கள் சத்தம் போட்டுப் பேசுவதை அவர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்து வந்த பிள்ளைகள். "நாங்க போகணுமா?" என்று அக்கா கேட்டால், "எந்த வீட்டுக்குப் போனாலும் உங்களை விட்டுட்டுப் போக மாட்டோம்" என்று சொல்லிவிடாதீர்கள். அது குழுவின் கையில் இருக்கும் விஷயம். "வீட்டுப் பிரச்சினையை நாங்க பார்த்துக்கிறோம், உங்க ஸ்கூல் நாளைக்கும் உண்டு" என்பது போதும்.

5 மாதம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் மறுத்தால், அப்போது உங்கள் நிலை இவ்வளவு பலமாக இருக்காது. அதனால் இப்போதே, அவசரமில்லாமல், பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வேறு வீடு பார்க்கத் தொடங்குங்கள். புது ஒப்பந்தத்தில் "குடியிருப்போர்: பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இருவர்" என்று எழுதி, உடனே பதிவு செய்யுங்கள். முகவரி மாறும் தேதியைக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.