அடுக்குமாடியில் பொது இடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்பின் பின்பக்கம் செடி வைத்து நான்கு பெஞ்சு போட்டோம். யாரும் உட்காருவதில்லை, லிஃப்ட் வாசலில்தான் நின்று பேசுகிறார்கள். ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

அவர்கள் நிற்கிற இடமே சரியான இடம். பால் வாங்க, காய்கறி வண்டியைப் பிடிக்க, பிள்ளையை வேனில் ஏற்ற எல்லோரும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். போகிற வழியில் ஆளைப் பார்த்தால் நின்று பேசுவோம்; பேசுவதற்கென்று யாரும் கொல்லைப்பக்கம் போக மாட்டோம். திண்ணையைத் தெருப்பக்கம் கட்டியதும் அதனால்தான்.

இரண்டு பெஞ்சையாவது லிஃப்டிலிருந்து கேட்டுக்குப் போகும் பாதையோரம் கொண்டுவாருங்கள். கட்டடத்தின் கிழக்குப் பக்கம் அமைந்தால் நல்லது, பிற்பகலில் கட்டடத்தின் நிழலே அங்கு விழும். பலகை தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். கைப்பிடி அவசியம், இல்லாவிட்டால் முழங்கால் வலிக்காரர்களால் ஊன்றி எழ முடியாது. சிமென்ட் திண்ணையாகக் கட்டினால் முன்பக்கம் 1 செ.மீ. வாட்டம் கொடுங்கள், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காது. பக்கத்தில் மழைநீர்த் தொட்டி இருந்தால் மூடி இடுக்கில்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொழுது சாய்ந்ததும் கொசு எல்லோரையும் மாடிக்கு விரட்டிவிடும்.

கேள்வி: வளைகாப்பு, துக்கம் எல்லாவற்றுக்கும் கார் பார்க்கிங்தான். ஒவ்வொரு முறையும் காரை எடுக்கச் சொல்லித் தகராறு.
– வாசகர், கும்பகோணம்

சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றில் தரைத்தளத்தைத் திறந்தவெளியாகவே விட்டிருப்பார்கள். கல்யாணம், இறுதிச்சடங்கு எல்லாம் நகர மன்றத்தில் பதிவு செய்து அங்கேயே நடக்கும்.

நம்மிடம் அவ்வளவு இடமில்லை, ஆனாலும் வழி உண்டு. ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 x 5 மீட்டர். விருந்தினருக்கான இரண்டு இடங்களை அடுத்தடுத்து ஒதுக்கினால் 5 x 5 மீட்டர் கிடைக்கும். ஐஸ் பெட்டி வைத்து இருபது நாற்காலியும் போடலாம். பெட்டி சின்ன லிஃப்டில் ஏறாது, படிக்கட்டுத் திருப்பத்திலும் சிக்கும். அதனால் துக்கத்துக்குக் கீழ்த்தளம்தான் சரி. அங்கே ஜெனரேட்டர் இணைப்புள்ள ப்ளக் பாயின்ட், தண்ணீர்க் குழாய், வடிகால் மூன்றும் இப்போதே செய்துவையுங்கள். விசேஷங்களுக்கு ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டில் எழுத வேண்டும் என்று அசோசியேஷனில் தீர்மானம் போடுங்கள். துக்க வீட்டாரை அனுமதி கேட்க வைக்காதீர்கள். செயலாளருக்குத் தகவல் சொன்னால் போதும், காரை எடுக்கச் சொல்வது அவர் பொறுப்பு.

கேள்வி: வராண்டாவில் செருப்பு அலமாரி, சைக்கிள். மொட்டை மாடியையோ மேல்வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார், வடாம் காயவைக்க முடியவில்லை.
– வாசகி, மயிலாடுதுறை

படிக்கட்டில் எதுவுமே கூடாது. தீப்பிடித்தால் புகையில் கண் தெரியாது, கால் தடுக்கினால் பின்னால் வருபவரும் விழுவார். வராண்டாவில் ஒரு சுவரோரம் மட்டும் ஒல்லியான அலமாரி வைக்கலாம், நடக்க 1.2 மீட்டராவது விட்டு. மீட்டர் பெட்டிக்குக் கீழே எதையும் வைக்கக் கூடாது.

மொட்டை மாடியை 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பொது இடங்களில் ஒன்றாகவே சொல்கிறது. உங்கள் கிரையப் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, சாவியை அசோசியேஷனிடம் கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வடாம் துணியின் மேல் கல் வைத்தவர்கள் மாலையில் அதை எடுத்துவிட வேண்டும். மழைநீர்க் குழாய் வாயில் கல்லும் துணியும் அடைத்தால் மேல்வீட்டுக் கூரைதான் ஒழுகும்.