வானம் ஒரு நாட்டுக்கு, கட்டுப்பாடு இன்னொரு நாட்டிடம்: அனுமதி யாரிடம் வாங்குவது?

கேள்வி: சிறிய வாடகை விமான நிறுவனம் ஒன்றில் பறப்புத் திட்டம் தயாரிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் பாதையில் ஒரு நாட்டின் மேல் பறக்கும்போது பக்கத்து நாட்டின் கட்டுப்பாட்டு மையத்தோடுதான் விமானி பேச வேண்டியிருக்கிறது. மேற்பறப்பு அனுமதியை யாரிடம் கேட்பது? கட்டணம் யாருக்கு?

பதில்: கீழே இருக்கும் நிலம் யாருடையதோ அவர்களிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். வானொலியில் பதில் சொல்வது யார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தன் நிலத்துக்கும் கரையோரக் கடலுக்கும் மேலுள்ள வான்வெளி முழுக்க அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்கின்றன, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பிரிவுகள். எஃப்.ஐ.ஆர். (பறப்புத் தகவல் மண்டலம், அதாவது ஒரு கட்டுப்பாட்டு மையம் கவனிக்கும் வான்பகுதி) எல்லைகள் வேறு கணக்கு. அவை ஐகாவோ (ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) வழியாக நாடுகள் ஒத்துக்கொண்ட வேலைப் பிரிவினைக் கோடுகள், அவ்வளவுதான். யாருக்கும் சொந்தமில்லாத பெருங்கடலின் மேலும் அவை உண்டே! கட்டுப்பாட்டு வேலையை இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பதால் இறையாண்மை குறையாது என்பதும் ஒப்பந்தத்தின் 11ஆம் இணைப்பில் தெளிவாக இருக்கிறது.

இந்தோனேசியாவின் ரியாவு தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வான்வெளி 1946 முதல் சிங்கப்பூரின் எஃப்.ஐ.ஆருக்குள் இருந்தது. 2022இல் கையெழுத்தாகி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி அது ஜகார்த்தா எஃப்.ஐ.ஆருக்குள் வந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் 37,000 அடி வரை கட்டுப்பாட்டு வேலையை இந்தோனேசியாவே 25 ஆண்டுகளுக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்திருக்கிறது. அங்கே அந்த உயரத்துக்குள் பறந்தால் பேசுவது சிங்கப்பூருடன், அனுமதி ஜகார்த்தாவிடம்.

இந்த ஒப்படைப்பு எழுத்தில் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேல் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அப்போது அந்த ஜெர்மன் வானத்தைக் கவனித்தது சுவிஸ் நிறுவனமான ஸ்கைகைட். ஒப்படைப்புக்குச் செல்லத்தக்க உடன்படிக்கை இல்லை என்று சொல்லி, ஜெர்மனி அரசே பொறுப்பு என 2006இல் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருடக்கணக்கில் நடைமுறையில் இருந்த ஏற்பாடு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். வழக்கமான அட்டவணை இல்லாத விமானங்கள் முன் அனுமதி இல்லாமலே கடந்து போகலாம் என்று சிகாகோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. அதை நம்பிப் புறப்படாதீர்கள். நடைமுறையில் பல நாடுகள் முன் அனுமதி கேட்கின்றன. எந்த அலுவலகம், எத்தனை நாள் முன்பு என்பது அந்த நாட்டின் ஏ.ஐ.பி.யில் (விமானப் போக்குவரத்து விதிகளையும் விவரங்களையும் ஒவ்வொரு நாடும் வெளியிடும் தொகுப்பு) இருக்கும். பறப்புத் திட்டம் மட்டும் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் மையத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

கட்டணம் சேவைக்கானது. கடந்து போகும் உரிமைக்காக மட்டும் காசு வாங்கக் கூடாது என்கிறது அதே ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு. யார் வசூலிப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளுக்கும் சேர்த்து யூரோகன்ட்ரோல் என்ற கூட்டு அமைப்பு ஒரே பில் அனுப்பிவிடும். மற்ற இடங்களில் ஏ.ஐ.பி.யின் கட்டணப் பகுதியைப் பாருங்கள்.

அப்புறம், நோட்டம் (NOTAM, விமானிகளுக்கான அவசர அறிவிப்பு) பார்க்கும்போது இரண்டு நாடுகளுடையதையும் பாருங்கள். வான்வெளியை மூடும் அதிகாரம் நிலத்துக்குரிய நாட்டுக்கு. ரேடார் கோளாறு, தாமதம் பற்றிய அறிவிப்பு பெரும்பாலும் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் நாட்டிலிருந்து வரும்.